முருங்கைக்கீரை: வாங்குறதுல இருந்து தட்டுக்கு வர்ற வரைக்கும், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

வேலைக்காக ஊர் மாறி வந்து தனியா சமைச்சு சாப்பிடுறவங்க நிறைய பேருக்கு ரத்த டெஸ்ட்ல ஹீமோகுளோபின் கம்மின்னு வந்ததும் முதல்ல ஞாபகம் வர்றது முருங்கைக்கீரைதான், ஆனா அதை எப்படி வாங்கணும் எப்படி ஆயணும்னு தெரியாததால நேரா ஆன்லைன்ல பொடி டப்பாவோ கேப்ஸ்யூலோ ஆர்டர் போட்டுடுறாங்க. அதுக்கு முன்னாடி ஒரு கட்டு கீரை வாங்கிப் பாருங்க. பொடியை விட கீரைல பலன் ஜாஸ்தி, செலவும் கம்மி, பழகிட்டா அரை மணி நேர வேலைதான்.

முதல்ல இதுல என்ன இருக்குன்னு பாத்துடலாம், ஏன்னா இந்த விஷயத்துல தப்பான நம்பிக்கை நிறைய சுத்துது. ஹைதராபாத்ல இருக்குற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல போட்ட இந்திய உணவு அட்டவணைப்படி 100 கிராம் பச்சைக் கீரைல புரதம் 6 கிராமுக்கு மேல இருக்கு, கால்சியம் 300 மி.கி.க்கு மேல, வைட்டமின் சி 100 மி.கி. பக்கம், இரும்பு சுமார் 4.5 மி.கி. இதோட பீட்டா கரோட்டின் எக்கச்சக்கமா இருக்கு, அதுதான் உடம்புக்குள்ள போய் வைட்டமின் ஏ ஆகுது.

இப்போ கணக்கு போடுங்க. ஒரு ஆள் ஒரு வேளைக்கு சாப்பிடுற பொரியல்ல பச்சைக் கீரை 50 கிராம் இருக்கும்னு வச்சுக்கங்க. இரும்பு 2 மி.கி.க்கு கொஞ்சம் மேல கிடைக்கும். 2020ல இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொன்ன அளவுப்படி ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மி.கி. இரும்பு வேணும். அப்போ ஒரு தட்டு கீரை அதுல பத்துல ஒரு பங்குகூட வராது! "முருங்கைக்கீரை சாப்பிட்டா ரத்தம் ஊறும்"னு எல்லாரும் சொல்றதை நான் பொய்னு சொல்லல, உதவி பண்ணும், ஆனா அது ஒண்ணை மட்டும் நம்பி உக்காந்துடக் கூடாது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுல தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசு வரைக்கும் இருக்குற பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகைன்னு வந்திருக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்துல கர்ப்பிணிகளுக்கு குடுக்குற இரும்பு மாத்திரை ஒண்ணுல 60 மி.கி. இரும்பு இருக்கு. அதனால டாக்டர் மாத்திரை குடுத்திருந்தா தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க, கீரையை அதுகூட சேர்த்து சாப்பிடுங்க.

என்னைக் கேட்டா இந்தக் கீரையோட நிஜமான பலம் வைட்டமின் ஏவும் கால்சியமும்தான், அதைப் பத்திதான் யாரும் பேசுறதில்ல. பாலக்கீரைலயும் கால்சியம் இருக்கு, ஆனா அதுல ஆக்சலேட்ங்கற பொருள் ரொம்ப அதிகம், அது கால்சியத்தைப் புடிச்சு வச்சுக்கும், உடம்புல சேர விடாது. முருங்கைல அந்தத் தொல்லை அவ்வளவு இல்ல. பால் ஒத்துக்காதவங்க, பால் வாங்க கட்டுப்படியாகாத வீடுங்க, வளர்ற பிள்ளைங்க இருக்குற வீடுங்க எல்லாருக்கும் இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. கண்ணுக்கும் அப்படித்தான். வைட்டமின் ஏ குறைஞ்சா வர்றதுதான் மாலைக்கண், அதுக்காகத்தான் அரசாங்கம் 9 மாசத்துல இருந்து 5 வயசு வரைக்கும் குழந்தைங்களுக்கு 6 மாசத்துக்கு ஒரு தடவை வைட்டமின் ஏ சிரப் குடுக்குது. அந்த சிரப்பையும் குடுங்க, வீட்டுல பருப்போட இந்தக் கீரையை மசிச்சும் குடுங்க.

வாங்குறது எப்படி

மார்க்கெட்ல கொத்து கொத்தா கட்டி வச்சிருப்பாங்க. இலை கரும்பச்சையாவோ நல்ல பச்சையாவோ இருக்கணும், மஞ்சள் புள்ளி நிறைய விழுந்திருந்தா அது முத்தினதா இருக்கும், இல்லன்னா பழசா இருக்கும். கொத்தை கைல எடுத்து லேசா ஒரு உதறு உதறுங்க, பொலபொலன்னு இலை கொட்டிச்சுன்னா ஒடிச்சு ஒரு நாளுக்கு மேல ஆச்சுன்னு அர்த்தம். விக்கிற அக்காகிட்டயே "எப்போக்கா ஒடிச்சது"ன்னு கேளுங்க, வாடிக்கையா வாங்குறவங்ககிட்ட பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்லுவாங்க. கொழுந்து இலை சீக்கிரம் வேகும், கசப்பு கம்மி, புதுசா சாப்பிடுறவங்களுக்கு அதுதான் சரி.

மழைக்காலத்துல ஒரு எச்சரிக்கை. முருங்கை மரத்துல கம்பளிப்புழு கூட்டம் கூட்டமா அப்புற சீசன் அது, அதோட முடி பட்டாலே அரிக்கும். கேரளாவுல கர்க்கடக மாசம், அதாவது நம்ம ஆடில, முருங்கையிலை சேர்க்கவே மாட்டாங்க. அந்த அளவுக்கு போக வேணாம், ஆனா மழை நேரத்துல வாங்கினா இலையோட அடிப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்து வாங்குங்க.

ஆயுறது

எல்லாரும் பயப்படுறது இதுக்குத்தான். ஒரு கிளையை எடுத்துக்கங்க, அதுல இருந்து பிரியிற ஒவ்வொரு காம்பையும் நுனில ஒரு கையால புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையோட கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து நுனில இருந்து அடிப்பக்கமா ஒரே இழுப்பு இழுங்க. இலை எல்லாம் உள்ளங்கைல வந்துடும், காம்பு தனியா நிக்கும். பொடிப்பொடியா இருக்குற மெல்லிசு காம்பு வந்தா விட்டுடுங்க, அது வெந்துடும், ஒரு காம்புகூட வரக்கூடாதுன்னு உக்காந்தா பொழுது போயிடும். குச்சி மாதிரி கெட்டியா இருக்குறது மட்டும் வாயில நார் நாரா தட்டுப்படும், அதை எடுத்துடுங்க. தூக்கிப் போடாதீங்க, அந்த ஈர்க்கைத் தட்டி ரசத்துல போடலாம்.

ராத்திரி வாங்கிட்டு வந்து காலைல சமைக்கப் போறீங்கன்னா ஆயவே வேணாம். கட்டை அப்படியே ஒரு பருத்தித் துணிலயோ நியூஸ் பேப்பர்லயோ இறுக்கி சுத்தி வெளியவே வச்சுடுங்க, காலைல பிரிச்சு உதறினா முக்கால்வாசி இலை தானா கொட்டிடும். இதுல வைட்டமின் சி கொஞ்சம் போகும்தான், ஆனா ஆய சோம்பப்பட்டு சாப்பிடாமலே விடுறதுக்கு இது எவ்வளவோ மேல்.

கழுவுறதுல ஒரு சின்ன விஷயம். அகலமான பாத்திரத்துல தண்ணி நிறைய ஊத்தி அதுல இலையைப் போட்டு கையால ரெண்டு அமுக்கு அமுக்கி அலசுங்க. இலை மேல மிதக்கும், மண் அடில தங்கும். இலையை கையால அள்ளி எடுங்க, பாத்திரத்தை அப்படியே சல்லடைல கவுத்தினா அடில இருக்குற மண் திரும்ப இலை மேலயே வந்துடும். ரெண்டு மூணு தண்ணி மாத்துங்க. ஃப்ரிட்ஜ்ல வைக்கணும்னா கழுவாம, ஆஞ்ச இலையை பேப்பர்ல சுத்தி டப்பால போட்டு வைங்க, ரெண்டு மூணு நாள் தாங்கும், ஈரத்தோட வச்சா அழுகிடும்.

சமைக்கிறது

முதல் தடவைன்னா பொரியல்ல ஆரம்பிங்க. ரெண்டு பேருக்கு ஆஞ்ச கீரை ரெண்டு பெரிய கைப்பிடி, வெந்துச்சுன்னா சுருங்கி நாலு ஸ்பூனா வந்து நிக்கும், பயந்துடாதீங்க. பாசிப்பருப்பு ரெண்டு ஸ்பூன் எடுத்து விரல்ல நசுக்கினா உடையிற பதத்துக்கு வேக வச்சுக்கங்க, குழையக் கூடாது. சட்டில எண்ணெய் ஊத்தி கடுகு, உளுத்தம்பருப்பு, காஞ்ச மிளகாய் ரெண்டு, பூண்டு நாலு பல்லு தட்டிப் போட்டு, சின்ன வெங்காயம் கைநிறைய நறுக்கிப் போட்டு வதக்குங்க. வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் கீரையைப் போட்டு ஒரு கை தண்ணி தெளிச்சு மூடாம மிதமான தீயில வைங்க. இங்கதான் புதுசா பண்றவங்க சொதப்புறது, கரண்டியை வச்சு கிண்டிக்கிட்டே இருந்தா கீரை உருண்டை உருண்டையா ஒட்டிக்கும், உப்பு ஒரு உருண்டைல ஏறி இன்னொண்ணுல ஏறாது. கரண்டியைத் திருப்பி அந்தக் காம்பால லேசா கிளறி விடுங்க, இல்ல முள்கரண்டியால உதிர்த்து விடுங்க. ஏழெட்டு நிமிஷத்துல வெந்துடும். கீரை சுருங்கினதுக்கு அப்புறம்தான் உப்பு போடணும், முன்னாடியே போட்டா அளவு தெரியாம கரிச்சுப் போகும். கடைசில பருப்பையும் தேங்காய்த் துருவலையும் போட்டு ஒரு பெரட்டு பெரட்டி இறக்கிடுங்க. கசக்குற மாதிரி தோணுச்சுன்னா நுனிவிரல்ல வெல்லம்.

எண்ணெயோ நெய்யோ தேங்காயோ கண்டிப்பா வேணும். பீட்டா கரோட்டின் கொழுப்புல கரையிற சத்து, எண்ணெயே இல்லாம வெறும் தண்ணில அவிச்சு சாப்பிட்டா அது பெரும்பாலும் உடம்புல சேராம போயிடும். டயட்ல இருக்கேன்னு எண்ணெயை சுத்தமா விடுறவங்க இதை மட்டும் கவனிங்க, ஒரு ஸ்பூன் போதும். இறக்கினதுக்கு அப்புறம் அரை மூடி எலுமிச்சை பிழிஞ்சுக்கங்க, கீரைல இருந்த வைட்டமின் சி அடுப்புல பாதி போயிருக்கும், எலுமிச்சை அதைக் கொஞ்சம் ஈடு கட்டும், இரும்பு உடம்புல சேர்றதுக்கும் அந்த சி தான் கை குடுக்குது. சாப்பிட்ட கையோட டீ காபி வேணாம், ஒரு மணி நேரமாவது போகட்டும், டீல இருக்குற துவர்ப்பு இரும்பை சேர விடாது. தினமும் சாப்பாடு முடிஞ்சதும் டீ குடிக்கிற பழக்கத்தால எத்தனை வீட்டுல சாப்பிட்ட கீரை வீணாப் போகுதுன்னு நினைச்சா எனக்கு நிஜமாவே ஆதங்கமா இருக்கு.

பொரியல் பழகிட்டீங்கன்னா அப்புறம் வழி நிறைய இருக்கு. கேழ்வரகு மாவுல வெங்காயம் பச்சை மிளகாயோட இந்தக் கீரையைப் போட்டு அடை தட்டுனா அது ஒண்ணே கால்சியத்துக்கு பெரிய சாப்பாடு, ஏன்னா கேழ்வரகுலயும் 100 கிராமுக்கு 300 மி.கி.க்கு மேல இருக்கு. ரெண்டு முட்டையை உடைச்சு ஊத்தி பொரியல் பண்ணா கீரைன்னாலே மூஞ்சியைத் திருப்புற பசங்களும் சாப்பிடுவாங்க. யாழ்ப்பாணத்துல தேங்காய்ப்பூ போட்டு வறைன்னு பொரியல் மாதிரி ஒண்ணு வைப்பாங்க, நண்டுக் குழம்பு இறக்குற நேரத்துல ஒரு பிடி முருங்கையிலை போடுவாங்க, அந்த வாசனையை ஒரு தடவை மோந்தா அப்புறம் இலை இல்லாம நண்டு சமைக்க மனசு வராது. வெண்ணெய் காய்ச்சி நெய் எடுக்குறப்போ கடைசில ஒரு கொத்து போட்டு மொறுமொறுன்னு ஆனதும் இறக்குறது நம்ம வீடுகள்ல பழைய வழக்கம், அந்த மொறுமொறு இலையை சுடு சோத்துல பெசஞ்சு சாப்பிடலாம். நேரமே இல்லன்னா ரெண்டு டம்ளர் தண்ணில ஒரு கைப்பிடி கீரை, சீரகம், மிளகு, பூண்டு, சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு பத்து நிமிஷம் கொதிக்க விட்டா சூப். அந்த சூப்பை வடிகட்டி இலையை வீசிடாதீங்க, சத்து நிறைய இலைலதான் இருக்கு, மென்னு சாப்பிடுங்க.

எவ்வளவு, எப்போ

வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை, ஒரு வேளைக்கு ஒரு சின்ன கிண்ணம், அது போதும். நார்ச்சத்து அதிகம், பழக்கமில்லாத வயித்துக்கு முதல் நாளே நிறைய போட்டா வயித்தாலப் போகும், அதனால ரெண்டு ஸ்பூன்ல ஆரம்பிச்சு ஏத்துங்க. ராத்திரி கீரை கூடாதுன்னு வீட்டுல பெரியவங்க சொல்றாங்களே, அதுல சத்து ஒண்ணும் மாறிடாது, செரிக்க நேரம் எடுக்கும்ங்கறதுதான் விஷயம், அதனால மத்தியானம் வச்சுக்கிட்டா நிம்மதி.

பொடி வாங்கலாமா

டப்பால "ஆரஞ்சை விட 7 மடங்கு வைட்டமின் சி, கேரட்டை விட இத்தனை மடங்கு வைட்டமின் ஏ"ன்னு போட்டிருப்பாங்க. எடைக்கு எடை வச்சு ஒப்பிடுற கணக்கு அது. யாரும் 100 கிராம் பொடி சாப்பிட மாட்டாங்க, ஒரு ஸ்பூன் போடுவாங்க, ஆனா ஆரஞ்சு முழுசா ஒண்ணு உரிச்சு சாப்பிடுவாங்க. பச்சைக் கீரைல முக்கால்வாசி தண்ணி, அதனால 100 கிராம் கீரை காஞ்சா 20, 25 கிராம் பொடிதான் தேறும். அப்போ 5 கிராம் பொடி போட்டீங்கன்னா நீங்க சாப்பிடுறது வெறும் 20 கிராம் கீரை, அதுலயும் காயுறப்போ வைட்டமின் சி பெருசா போயிருக்கும். கால்சியம், இரும்பு, புரதம் அப்படியே இருக்கும், அளவுதான் குறைவு. கீரையே கிடைக்காத ஊர்ல, வெளிநாட்டுல இருக்குறவங்களுக்கு பொடி உபயோகம்தான், மறுக்கல.

வீட்டுலயே பண்றதுன்னா கழுவின இலையை துணில பரப்பி நிழல்லயே மின்விசிறிக்கு கீழ காய விடுங்க, வெயில்ல போட்டா பச்சை நிறமும் பீட்டா கரோட்டினும் போயிடும். கையால நொறுக்கினா சரசரன்னு உடையணும், கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பூஞ்சை புடிச்சிடும். மிக்ஸில அரைச்சு சலிச்சு காத்து போகாத பாட்டில்ல போட்டு இருட்டுல வைங்க. இட்லி மாவு, சப்பாத்தி மாவு, பருப்புப்பொடி எதுல வேணா கலக்கலாம்.

மருந்துன்னு சொல்றதைப் பத்தி

"முருங்கை நட்டவன் வெறுங்கையோட போவான்"னு பழமொழியே இருக்கு, வயசானாலும் தடி ஊன வேண்டாம்னு அர்த்தம் சொல்லுவாங்க. சித்த மருத்துவத்துல இலை, பூ, ஈர்க்கு, பட்டைன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு உபயோகம் சொல்லியிருக்கு. பிலிப்பைன்ஸ்ல பிள்ளை பெத்தவங்களுக்கு பால் ஊறணும்னு கோழி சூப்ல இந்த இலையைப் போட்டுக் குடுக்குறாங்க, நம்ம ஊர்லயும் அதே நம்பிக்கை இருக்கு, சின்ன அளவுல நடந்த ஆய்வுகள்லயும் பால் கூடினதா வந்திருக்கு. சுகர், பிரஷர் குறையுதுன்னு சொல்ற ஆய்வுகள் பெரும்பாலும் எலிகளை வச்சோ கொஞ்சம் பேரை வச்சோ பண்ணது. அதை நம்பி மாத்திரையை நிறுத்துறது ஆபத்து, இதை எவ்வளவு சத்தமா சொல்ல முடியுமோ அவ்வளவு சத்தமா சொல்றேன்.

யார் கவனமா இருக்கணும்னா, இதய வால்வு ஆபரேஷன் ஆகி ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின், அசிட்ரோம் மாதிரி மாத்திரை போடுறவங்க. பச்சைக் கீரை எல்லாத்துலயும் இருக்குற வைட்டமின் கே அந்த மாத்திரையோட வேலையைக் குறைச்சுடும், அதனால திடீர்னு கூட்டவும் வேணாம் திடீர்னு நிறுத்தவும் வேணாம், எப்பவும் ஒரே அளவா சாப்பிடுங்க, டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. கிட்னி பிரச்சினை இருந்து பொட்டாசியம் குறைக்கச் சொல்லியிருந்தா கேட்டுட்டுதான் சாப்பிடணும். தைராய்டு மாத்திரை காலைல வெறும் வயித்துல வெறும் தண்ணியோட போடுறது, அது கூடவே கீரை சூப் குடிக்காதீங்க, மத்தியானத்துக்கு தள்ளி வைங்க. சுகர் மாத்திரை போடுறவங்க பொரியலா சாப்பிடுறதுல பயம் இல்ல, கேப்ஸ்யூல், எக்ஸ்ட்ராக்ட்னு செறிவா எடுக்குறதுக்குதான் டாக்டர்கிட்ட கேக்கணும். கர்ப்பமா இருக்குறவங்க வீட்டுச் சாப்பாடா இலையை அளவோட சாப்பிடலாம், ஆனா வேர், பட்டை ரெண்டும் வேண்டவே வேண்டாம். வேர்லயும் வேர்ப்பட்டைலயும் நச்சுப் பொருள் இருக்கு, மத்தவங்களும் யாரோ வீடியோல சொன்னாங்கன்னு கஷாயம் வச்சுக் குடிக்காதீங்க.

இடம் இருந்தா ஒரு மரம்

போத்து, அதாவது மரத்துல இருந்து வெட்டின கிளை, வச்சா சீக்கிரம் வரும். மணிக்கட்டு தடிமன்ல மூணு நாலடி போத்து ஒண்ணு வெட்டி மூணுல ஒரு பங்கு மண்ணுக்குள்ள போற மாதிரி நட்டு, மேல வெட்டுன வாய்ல சாணி உருண்டை வச்சுடுங்க, காய்ஞ்சு போகாது. தண்ணி தேங்கினா வேர் அழுகிடும், அது ஒண்ணுதான் இதுக்கு ஆகாது. மாடி வீடுன்னா பெரிய டிரம்ல விதை போடலாம், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரில உருவாக்கின பி.கே.எம்.1 செடி முருங்கை விதை நிறைய நர்சரில கிடைக்குது, ஒரு அங்குல ஆழம் போதும், பத்து நாள் பக்கத்துல முளைச்சு வரும். மூணு அடி வந்ததும் நுனியைக் கிள்ளி விட்டுடுங்க, இல்லன்னா கொக்கு மாதிரி உயரமாப் போய் நிக்கும், கைக்கு எட்டாது. கிள்ளினா பக்கக் கிளை வெடிச்சு கீரை கை எட்டுற உயரத்துலயே இருக்கும். எட்டலன்னு மரத்துல மட்டும் ஏறாதீங்க, முருங்கைக் கிளை பாக்க தடியா இருந்தாலும் சட்டுன்னு முறிஞ்சிடும், தொரட்டி வச்சு ஒடிங்க. ஒடிக்கிறப்போ மொத்தமா மொட்டையடிக்காம ஒரு பக்கக் கிளையை மட்டும் எடுத்தா அது தழையுறதுக்குள்ள அடுத்த பக்கம் தயாராயிடும், மாத்தி மாத்தி வருஷம் பூரா கீரை எடுக்கலாம்.